பால் கொடுக்கும்போது தூரம் திரும்பினால்

ஒருத்தி உண்டாகியிருப்பதை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. மாதாமாதம் தூரமாகி, அதாவது மாதவிடாய் வந்து, தலை முழுகுவது நின்றுவிட்டது, ஆகவே வயிற்றில் பிள்ளை என்பது கணக்கு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பொய்த்துப்போகும். ஒருத்தி பத்துப் பன்னிரண்டு மாதம் தலை முழுகாமலே இருப்பாள், கர்ப்பம் இருக்காது. இன்னொருத்தி பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூடத் தூரமாகாமல் அடுத்த பிள்ளையைச் சுமந்துகொண்டிருப்பாள். வயிறு மேடிட்ட பிறகுதான் வீட்டில் யாருக்கும் உறைக்கும்.

காரணம் எளிது. முட்டை முன்னால் வரும், ரத்தப்போக்கு சுமார் இரண்டு வாரம் கழித்துப் பின்னால் வரும். அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் ரத்தப்போக்கு வரவே வராது. "தூரம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது, பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்பதைப் போலத்தான்.

பால் கொடுப்பது முட்டையை எப்படித் தடுக்கிறது? குழந்தை காம்பைச் சப்பும்போது அந்த உணர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. அதே நேரம், சினைப்பையைத் தூண்டுவதற்காக மூளையிலிருந்து விட்டுவிட்டு வரும் ஹார்மோன் துடிப்பின் தாளம் குலைகிறது. தாளம் குலைந்தால் முட்டை முதிராது. இதில் எவ்வளவு பால் சுரக்கிறது என்பதைவிட எத்தனை தடவை குழந்தை வாய் வைக்கிறது, இரண்டு தடவைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் முக்கியம். கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களைப் பற்றி 1980-இல் வந்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. அந்தத் தாய்மார்கள் பகலில் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை, ஓரிரு நிமிடம்தான் என்றாலும் பால் கொடுத்தார்கள். எந்தக் கருத்தடையும் இல்லாமலே இரண்டு பிரசவங்களுக்கு நடுவே சராசரியாகச் சுமார் 44 மாத இடைவெளி இருந்தது. நம் வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் மடியில் போட்டு வயிறு நிறையக் கொடுப்பதால் அந்தப் பலன் கிடைக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு மாதவிடாய் அல்ல. முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, பிறகு பத்து நாள் வரை பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, அதன்பின் வெளிர்மஞ்சளாக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை. நடுவில் நின்று, ஒரு நாள் வேலை அதிகமானதும் மறுபடி சிவப்பாக வருவதும் உண்டு. முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவளுக்கு 56 நாளுக்குள் வரும் ரத்தத்தைப் பொதுவாக மாதவிடாயாக எண்ணுவதில்லை. 56 நாளுக்குப் பிறகு வந்தால் அது மாதவிடாய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சமாகப் பட்டாலும்தான். தாய்ப்பாலே கொடுக்காதவளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தூரம் வந்துவிடும். முட்டை அதற்கும் முன்னால், நான்காம் வாரத்திலேயே வரக்கூடும்.

தாய்ப்பாலை நம்பிக் கருத்தடை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் வகுத்தவை இவை: மாதவிடாய் இன்னும் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே அல்லது ஏறக்குறைய தாய்ப்பால் மட்டுமே ஆகாரம், குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்கக் கூடாது. மூன்றும் ஒருசேர இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. பால் கொடுக்கும் இடைவெளி பகலில் நான்கு மணி நேரத்தையும், இரவில் ஆறு மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்பதையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று போனாலும் கணக்கு முடிந்தது. "தூரம் வரவில்லையே, பால்தான் கொடுக்கிறேனே" என்று எட்டாம் மாதத்தில் சொல்வதில் அர்த்தமில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு, முதல் ரத்தப்போக்குக்கு முன்பே முட்டை வந்துவிடும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

அந்த ஆறாம் மாதத்தில்தான் எல்லாம் ஒரே சமயத்தில் மாறுகிறது. ராகிக் கூழும் பருப்புச் சாதமும் தொடங்குகின்றன. தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு முடிகிறது. பகல் முழுதும் பம்ப், சாயங்காலம் குழந்தை. குழந்தை இரவில் நீளத் தூங்கினால் "அப்பாடா" என்றிருக்கும், ஆனால் இரவுப் பால் குறைந்ததுமே மூளைக்குப் போகும் தடைச்செய்தியும் குறைகிறது. பம்ப் வைத்துப் பால் எடுப்பது மடியைக் காலி செய்யும், முட்டையைத் தடுப்பதில் குழந்தையின் வாய்க்கு ஈடாகாது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் இந்த நேரத்தில்தான் முடிகிறது. ரத்தம் போகத் தொடங்கும் மாதத்தில் மாத்திரை நின்றுவிடும் இந்தப் பொருத்தம் யார் கண்ணிலும் படுவதில்லை.

தூரத்தை முன்கூட்டி இழுத்து வரும் வேறு சில பழக்கங்களும் உண்டு. சாதத்தை முதலில் ஊட்டி வயிறு நிரம்பிய பிறகு பால் கொடுப்பது ஒன்று. முதல் வருடம் முழுதும் பால் முதலில், சாதம் அரை மணி கழித்து என்று வைத்தால் வாய் வைக்கும் எண்ணிக்கை குறையாது. ரப்பர் சூப்பான் இன்னொன்று. இரவில் ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்ற யோசனை மூன்றாவது. இவை எதுவும் குற்றமில்லை, வீட்டு நிலைமை அப்படியிருக்கலாம். விளைவு என்ன என்று தெரிந்து செய்தால் போதும். எல்லாம் சரியாகச் செய்தும் மூன்றாம் மாதமே தூரம் திரும்புபவர்கள் உண்டு. ஒரே தாய்க்கே முதல் பிள்ளைக்கு ஒன்பது மாதம், அடுத்ததற்கு மூன்று மாதம் என்று மாறும். உடம்புக்கு உடம்பு வேறு, இதில் பால் "பத்தவில்லை" என்று பொருள் கொள்ள ஒன்றுமில்லை.

தூரம் வரும் முன்பே ஏதாவது அறிகுறி தெரியுமா? சிலருக்குத் தெரியும். மாதக்கணக்கில் வறண்டிருந்த இடத்தில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுக்கும், இழுத்தால் நூல் விடும் வெள்ளைப்போக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். அது முட்டை வரப்போவதன் அடையாளம். காம்பு திடீரென்று கூசும், குழந்தை வாய் வைத்தாலே எரிச்சல் வரும். இரண்டு மூன்று நாள் பால் குறைந்தாற்போல் இருக்கும், குழந்தை மார்பை இழுத்து இழுத்து விடும், அழும். காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் அளக்கும் முறை இங்கே எடுபடாது. இரவில் நான்கு தடவை விழிப்பவளுக்கு எந்த வெப்பக்கணக்கும் சரியாக வராது.

சந்தேகம் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனைதான் எளிய வழி. மெடிக்கல் கடையில் கிடைக்கும் அட்டையைத் தாய்ப்பால் எந்த வகையிலும் ஏமாற்றாது. தள்ளிப்போன தேதி என்று ஒன்று இல்லாததால், பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஒரு கோடு மட்டும் வந்து சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு அட்டை.

இனி, தூரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பால் கெட்டுப்போயிருக்கும், குழந்தைக்கு வயிறு போகும், மூன்று நாள் கொடுக்காதே" என்று பக்கத்து வீட்டிலிருந்தாவது ஒரு குரல் வரும். பால் கெடுவதில்லை. உப்புச் சுவை லேசாகக் கூடலாம், சில குழந்தைகள் அதைக் கண்டுகொண்டு முகம் சுளிக்கும், அவ்வளவுதான். மூன்று நாள் நிறுத்தினால் மார்பு கல்லாகும், சுரப்பு நிஜமாகவே குறையும். பிறகு தூரத்தால்தான் பால் வற்றியது என்று பழி வரும். பால் குறைந்ததாகத் தோன்றும் அந்த இரண்டு மூன்று நாளில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: கூடுதலாக இரண்டு தடவை வாய் வையுங்கள், ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கம் மாற்றுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது.

முதல் சில சுற்றுகள் ஒழுங்காக இருக்காது. 24 நாளில் ஒன்று, அடுத்தது 50 நாள் கழித்து, அதற்கடுத்தது இரண்டு நாள் பட்டு நின்றுவிடும். பல சுற்றுகளில் முட்டையே இருக்காது, இருந்தாலும் கருவைத் தாங்கும் பின்பாதி குட்டையாக இருக்கும். ஆனால் எந்தச் சுற்று அப்படி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஆகவே அதை நம்பித் தேதி எண்ணாதீர்கள். போக்கு முன்னைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது எலுமிச்சை அளவுக் கட்டிகள் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டாலும் முதல் இரண்டு தூரத்துக்குப் பிறகு ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. மாத்திரை மறுபடி தொடங்கும்போது ஒரு விஷயம்: இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சேராது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ வேண்டாம், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நல்லது. பால் கொடுப்பவளுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ராகி, மோர், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி என்று சாப்பாட்டில் சேர்ப்பது நிலைக்கும்.

வயிற்று வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், போதாவிட்டால் இபுபுரூஃபென் 400, சாப்பிட்ட பிறகு. இரண்டும் பால் கொடுக்கும்போது போடக்கூடியவை. கடையில் வழக்கமாக எடுத்துத் தரும் "ஸ்பாஸ்" வகை மாத்திரையில் டைசைக்ளோமின் கலந்திருக்கும். அது பச்சிளங்குழந்தையின் மூச்சைப் பாதிக்கக் கூடியது என்பதால் பால் கொடுப்பவள் போடக் கூடாது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்து வாங்குங்கள். கோயில் திருவிழா, காதுகுத்து என்று தூரத்தைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் இப்படித்தான். தேதியே நிச்சயமில்லாத உடம்பில் எப்போது தொடங்குவது? மூன்று வேளை என்று போடும் அந்த அளவு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மருத்துவர் பார்க்காமல் விழுங்கும் சமாசாரம் அல்ல.

கருத்தடையைப் பற்றிச் சுருக்கமாக. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாலா-என் போன்ற மாத்திரைகள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாம், பாலைக் குறைக்கும். காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரத்துக்குப் பிறகோ போட்டுக்கொள்ளலாம். பாலை அது தொடாது, ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் போக்கைக் கூட்டும், ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள் அதை யோசிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. பிரசவமாகி ஆறு வாரம் கழித்துத் தொடங்கலாம். அது தூரத்தையே தாறுமாறாக்கும் அல்லது நிறுத்தும், கடைசி ஊசிக்குப் பிறகு கரு தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். 'சாயா' மாத்திரை லக்னோவில் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. சிலருக்குத் தூரத்தைத் தள்ளிப்போடும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் அட்டைப் பரிசோதனை செய்யுங்கள். ஆணுறை பயன்படுத்துபவர்கள் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கமாக இருக்கிறது. எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுக் கிழியும். தண்ணீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள். அந்த வறட்சியே ஈஸ்ட்ரஜன் குறைவால் வருவது, தூரம் திரும்பினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

இரண்டு பிரசவங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதற்குத் தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தையல் போட்ட கர்ப்பப்பைக்கு 18 மாதத்துக்குள் அடுத்த பிரசவம் வந்தால், சுகப்பிரசவத்துக்கு முயலும்போது தையல் விடும் ஆபத்து கூடும். அடுத்த கருவுக்கு இரண்டு வருடமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மறுபக்கம், இன்னொரு பிள்ளை வேண்டும், பாலையும் விட மனமில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். முழுக்க மறக்கடிக்கத் தேவையில்லை. இரவில் ஐந்தாறு மணி நேரம் தொடர் இடைவெளி விட்டாலே பலருக்குச் சுற்று திரும்பிவிடும். கர்ப்பமானால் நான்காம் ஐந்தாம் மாதவாக்கில் பால் குறைந்து சீம்பாலாக மாறும், சில குழந்தைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும். விடாவிட்டாலும் சிக்கலில்லாத கர்ப்பத்தில் தொடரலாம். கைக்குழந்தைக்கு ஒரு வயதுக்குள் என்றால் மட்டும் அதன் ஆகாரத்தை ஈடுசெய்ய வேண்டும். தங்கச்சியோ தம்பியோ வயிற்றில் தங்கியதும் முலை மறுக்கப்பட்டு மெலியும் பிள்ளையைச் "சவலை" என்று ஒரே சொல்லில் சொல்லிவைத்திருக்கிறோம். புரதக்குறை நோய்க்கு மருத்துவ நூல்கள் வைத்திருக்கும் 'குவாஷியோர்கர்' என்ற பெயரும், கானாவின் கா மொழியில் அதே பொருளில் வந்த சொல்தான்.

மறக்கடிப்பது

பாட்டிமார் கையில் இருப்பது வேப்பிலை விழுது, வேப்பெண்ணெய், கற்றாழை. வேப்பிலையைத் தடவினால் கசந்து குழந்தை முகம் திருப்பும் என்பது உண்மை. வேப்பெண்ணெய் வேறு விஷயம். அதைக் குழந்தைகளுக்குப் புகட்டியதால் வாந்தி, வலிப்பு, மூளை வீக்கம் வந்ததை 1981-லேயே மலேசியாவிலிருந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மார்பில் தடவவும் வேண்டாம். கற்றாழையை வெட்டினால் வடியும் மஞ்சள் பால் பேதி மருந்து. தாயை நாலு நாள் ஊருக்கு அனுப்பிக் குழந்தையைப் பிரித்து வைப்பதும் ஒரு முறையாக இருக்கிறது. இதில் குழந்தைக்குப் பாலும் போய் அம்மாவும் போய்விடுகிறாள், தாய்க்குப் பால் கட்டிக் காய்ச்சல் வருகிறது.

பதமான முறைக்குப் பொறுமை வேண்டும். நாளுக்கு ஐந்து தடவை குடிக்கும் குழந்தை என்றால் முதலில் அதற்கு அவ்வளவாகப் பிடிப்பில்லாத மத்தியானப் பாலை எடுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் மார்பு பழகட்டும். பிறகு சாயங்காலம். இரவு படுக்கும் பாலும் விடியற்காலைப் பாலும் கடைசியில். மொத்தம் நான்கைந்து வாரம் ஆகும். கேட்டால் மறுக்காதீர்கள், கேட்காதபோது நீங்களாக நீட்டாதீர்கள். வழக்கமாக உட்கார்ந்து கொடுக்கும் இடத்தை மாற்றுங்கள். இரவில் அப்பாவோ பாட்டியோ தட்டிக்கொடுக்கட்டும். ஒரு வயதுக்கு முன் நிறுத்தினால் அந்த இடத்தில் பவுடர் பால், மாட்டுப்பால் அல்ல. ஒரு வயதுக்குப் பின் வீட்டுச் சாப்பாடும் நாளுக்கு 400, 500 மில்லி வரை மாட்டுப்பாலும். அதற்கு மேல் பால் போனால் சாதம் இறங்காது, ரத்தம் குறையும்.

மார்பு கனத்து வலித்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி விடுங்கள். ஒட்டக் கறந்தால் "இன்னும் வேண்டும்" என்று உடம்பு மறுபடி சுரக்கும். ஈரத்துணியோ ஃப்ரிட்ஜில் குளிர வைத்த முட்டைக்கோஸ் இலையோ வைக்கலாம். துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், பால் குழாய் அடைத்துக்கொள்ளும். மல்லிகைப்பூவைச் சரமாக மார்பில் கட்டும் வழக்கத்தைப் பலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைப் பால் நிறுத்தும் மாத்திரையான புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டு 1988-இல் ஆய்வு வெளியிட்டார்கள். இரத்தத்தில் புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரை முந்தியது. பால் கட்டும் வீக்கத்தையும் சுரப்பையும் குறைப்பதில் இரண்டும் சமமாக நின்றன. அது பிரசவமான கையோடு பாலை நிறுத்த வேண்டியிருந்த தாய்மார்களிடம் செய்தது, ஒரு வயதுக் குழந்தைக்கு மறக்கடிக்கும்போதும் அப்படியே பலிக்குமா என்பது வேறு கேள்வி. கட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பால் நிறுத்தும் மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

ஒரு பக்கம் முக்கோணமாகச் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்தால் அது பால்கட்டு முற்றியது. அன்றைக்கு மறக்கடிப்பதை நிறுத்தி வைத்துப் பழையபடி குடிக்க விடுங்கள், 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அந்தப் பாலைக் குழந்தை குடிக்கலாம்.

கடைசிப் பால் நின்ற பிறகு இரண்டு மூன்று வாரம் காரணமில்லாத அழுகை, எரிச்சல், தூக்கமின்மை வருவது உண்டு. ஹார்மோன் இறங்கும் வேகத்துக்கு மனமும் இறங்குகிறது. மெல்ல நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் 14416 என்ற அரசின் மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தூரம் இன்னும் திரும்பாதவர்களுக்கு முழுக்க நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் வந்துவிடும். அழுத்தினால் சொட்டுப் பால் மாதக்கணக்கில் வருவது சாதாரணம். அடிக்கடி அழுத்திப் பார்ப்பதாலேயே அது நீளும். நிறுத்தி மூன்று மாதமாகியும் தூரம் வராவிட்டால் முதலில் கர்ப்ப அட்டை, பிறகு மருத்துவர். தைராய்டு, புரோலாக்டின் பார்ப்பார்கள். அங்கே போகும்போது கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. பிரசவத்துக்குப் பின் நச்சுக்கொடித் துண்டு தங்கிக் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்களா? உள்சுவர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய், அதன்பின் பாலே சரியாகச் சுரக்காமல், உடம்பு எப்போதும் சோர்ந்தும் குளிர்ந்தும் இருக்கிறதா? மூளையின் பிட்யூட்டரி சுரப்பிக்கு ரத்தம் போதாமல் சேதமாகியிருக்கலாம். அது தெரியாமலே வருடக்கணக்கில் "பிள்ளை பெற்ற அசதி" என்று ஓடிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்பது அதில்தான் இருக்கும்.